சூத்திரம் பிறந்த வழி

சூத்திரம் என்னும் சொல் இலக்கண வகுப்பிலும் வழங்குகின்றது. கணித வகுப்பிலும் வழங்குகின்றது. ஈரிடத்தும் அதன் இயல்பு ஒன்றே. சில எழுத்துகளுள் பல பொருளை அடக்கி நிற்றலே சூத்திரத்தின் இலக்கணம். பண்டை இலக்கண நூலார் இதற்குக் கண்ணாடியை உவமை கூறினர். கையகலக் கண்ணாடியில் வானளாவிய கோபுரம் முழுதும் அடங்கித் தோன்றுதல் போல, ஓரிரண்டு அடிகளில் ஒரு பெரும்பொருள் முழுதும் அடங்கித் தோன்றும்.

ஆயினும் இவ்விரு வகுப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணச் சூத்திரத்தை உரையின்றிக் கற்பிப்பார் இலர். சூத்திரத்தைச் சொன்ன அளவிலே அதன் கருத்து யாது, சொற்பொருள் யாது, எடுத்துக்காட்டு யாது என விளக்கி, மாணவன் ஐயுற்று வினவக்கூடிய வினாவைத் தாமே எழுப்பி, அதற்கு விடையும் கூறுதல் உரையாசிரியர் மரபு. கணித வகுப்பிலோ, இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரம் பல இடங்களில் உரையின்றியே வந்து சேர்கின்றது. கரும்பலகையில் எழுதப்படுகின்றது, ஏட்டில் பெயர்த்தெழுதப்படுகின்றது, பன்முறை ஒப்பிக்கப்படுகின்றது, மறுநாள் பத்துக் கணக்குகள் அதனைக் கொண்டு போடப்படுகின்றன. அஃது எங்கிருந்து வந்தது என்று வினவும் மாணவனுக்கு, தேர்வுக்கு அது வேண்டுவதில்லை என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது.

இம்முறை மாற்றத்தக்கது. அச்சூத்திரம் ஒரே ஒரு செயலினின்று பிறந்தது. குறைந்து நிற்கும் ஒரு சதுரத்தை நிறைவு செய்தலே அச்செயல். அதனை வர்க்கப் பூர்த்தி என்பர். சூத்திரம் இன்றைய வடிவம் பெறுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இச்செயலை அறிந்திருந்தனர். சதுரம் வரையத் தெரிந்த எந்த மாணவனும் இதனைச் செய்தல் கூடும். இதனை முதலில் கையால் செய்து பழகிய பின்னரே சூத்திரத்தை மனனம் செய்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. உழவர் ஒருவரிடம் 40 மீட்டர் கம்பி உளது. அதனைக் கொண்டு செவ்வக வடிவான ஒரு காய்கறித் தோட்டத்திற்கு நாற்புறமும் வேலியிட எண்ணுகின்றார். தோட்டத்தின் பரப்பு 96 சதுர மீட்டர் இருத்தல் வேண்டும். நீளம் எவ்வளவு? அகலம் எவ்வளவு?

சுற்றளவு 40 ஆகலின், நீளமும் அகலமும் கூடி 20 ஆகும். அவ்விரண்டையும் பெருக்கினால் 96 வருதல் வேண்டும். இரண்டும் சமமாயின் ஒவ்வொன்றும் 10 ஆகும். பரப்பு 100 ஆகிவிடும். அது வேண்டிய பரப்பினும் மிகுதி. ஆகவே இரண்டும் சமம் அல்ல. நீளம் பத்தினும் எவ்வளவு மிகுமோ, அவ்வளவே அகலம் பத்தினும் குறைதல் வேண்டும். இல்லையேல் இரண்டும் கூடி 20 ஆகா. பத்தோடு ஓர் எண்ணைக் கூட்டி, பத்தினின்று அதே எண்ணைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால், நூற்றினின்று அவ்வெண்ணின் வர்க்கத்தைக் கழித்த தொகை வரும் என்பதை மாணவர் கீழ்வகுப்பிலேயே கற்றுள்ளனர். நூற்றினின்று எதனைக் கழித்தால் 96? நான்கினை. நான்கின் வர்க்கமூலம் 2. ஆகவே நீளம் 12, அகலம் 8.

இங்கே ஊகம் சிறிதும் இல்லை என்பதை நோக்குக. வேண்டிய எண்ணை 'யா' என்று குறித்தால், இக்கணக்கு யா² − 20யா + 96 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு ஆகும். தெரியாத எண்ணை 'யா' என்னும் எழுத்தால் குறித்தல் பாஸ்கரர் முதலிய பண்டை இந்தியக் கணித அறிஞர் வழக்கம். எவ்வளவோ அவ்வளவு என்னும் பொருளுடைய 'யாவத் தாவத்' என்ற வடசொற்றொடரின் முதலெழுத்து அது.

பள்ளிகளில் இத்தகைய கணக்குகளைக் காரணிப்படுத்தித் தீர்த்தலே முதலில் கற்பிக்கப்படுகின்றது. பெருக்கினால் 96, கூட்டினால் 20 வரும் இரண்டு எண்களைத் தேடுமாறு மாணவன் ஏவப்படுகின்றான். தேடுதல் நன்றே. ஆயினும் பாடநூற் கணக்குகள் பலவும் முழு எண்ணில் விடை வருமாறு முன்னரே சமைக்கப்பட்டவை என்பதை அவன் அறியான். யா² − 5யா + 6 = 0 என்றால் 2, 3 என்று உடனே உரைப்பான். ஆறினை ஐந்தாக மாற்றிக் கொடுத்தால் திகைத்து நிற்பான். பெருக்கினால் 5, கூட்டினால் 5 வரும் முழு எண்கள் இரண்டு இல்லை. வேலிக் கணக்கின் வழியே சென்றவனுக்கோ இதில் இடர் இல்லை. ஐந்தில் பாதி இரண்டரை. அதன் வர்க்கம் ஆறேகால். அதினின்று ஐந்தைக் கழித்தால் ஒன்றேகால். ஒன்றேகாலின் வர்க்கமூலத்தை இரண்டரையோடு கூட்டினால் ஒரு விடை. கழித்தால் மற்றொரு விடை. எண் முரடாக இருப்பினும் வழி நேரானதே.

இவ்வழி நேற்றுத் தோன்றியதன்று. இன்றைய ஈராக் நாட்டில், டைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் ஆறுகளின் கரையில் வாழ்ந்த பாபிலோனியர் ஈரக் களிமண் பலகையில் எழுத்தாணி கொண்டு எழுதி, அதனை உலர்த்திப் போற்றினர். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய களிமண் பலகை ஒன்று இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 13901 என்னும் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளது. சதுரங்களைப் பற்றிய கணக்குகள் அதனுள் வரிசையாக உள்ளன. முதற்கணக்கு இது: ஒரு சதுரத்தின் பரப்பையும் அதன் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் எவ்வளவு? அவர்கள் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணியவர்கள் ஆதலின், முக்காலை அறுபதில் நாற்பத்தைந்து என்றே குறித்துள்ளனர்.

பரப்போடு பக்கத்தைக் கூட்டுதல் எங்ஙனம் என்று மாணவன் வினவலாம். வினவுதலும் வேண்டும். பக்கத்தை வெறுங்கோடாகக் கொள்ளாது, ஓர் அளவு அகலமுள்ள பட்டையாகக் கொள்க. இப்பொழுது சதுரத்தின் ஒரு புறத்தே அப்பட்டை ஒட்டி நிற்கின்றது. இரண்டும் சேர்ந்த வடிவத்தின் பரப்பு முக்கால். பட்டையை நீளவாட்டில் இரு கூறாக வெட்டி, ஒரு கூற்றைப் பெயர்த்துச் சதுரத்தின் அடிப்புறத்தே ஒட்டுக. ஏறத்தாழ ஒரு பெரிய சதுரம் தோன்றிவிட்டது. மூலையில் மட்டும் ஒரு சிறிய சதுரம் குறைகின்றது. அதன் பக்கம் அரை, பரப்புக் கால். அக்காலை நிரப்பினால் பெரிய சதுரத்தின் பரப்பு முக்காலும் காலும் கூடி ஒன்று. ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. அதினின்று ஒட்டிய அரையைக் கழித்தால் எஞ்சுவது அரை. அதுவே விடை. களிமண் பலகை கூறும் படிகளும் இவையே: பாதியாக்குக, வர்க்கம் செய்க, கூட்டுக, மூலம் காண்க, கழிக்க.

தாளும் கத்தரிக்கோலும் கொண்டு பத்து நிமிடத்தில் வகுப்பில் செய்து காட்டக்கூடிய வேலை இது. இதனைச் செய்யாமல் ஆண்டு முழுதும் சூத்திரத்தை ஒப்பிக்கச் செய்வதனால் மிச்சமாகும் காலம் யாது என்பது விளங்கவில்லை.

பாக்தாது நகரில் கி.பி. 820-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் இதே படத்தைத் தம் நூலில் வரைந்து காட்டினார். அந்நூற்பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே அல்ஜீப்ரா என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. யா² + 10யா = 39 என்பது அவர் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, முப்பத்தொன்பதோடு கூட்டினால் 64, மூலம் 8, ஐந்தைக் கழித்தால் 3. முறையை மட்டும் கூறி அவர் அமையவில்லை. அஃது ஏன் உண்மை என்பதைச் சதுரங்களை வரைந்து நிறுவினார். உரையோடு கூடிய சூத்திரம் என்று இதனைக் கூறலாம்.

ஆயினும் அவர் குறை எண்களைச் சமன்பாட்டில் நிறுத்த உடன்படவில்லை. அதனால் இருபடி, ஒருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதி கூற வேண்டியவர் ஆனார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், 628-ஆம் ஆண்டில், இந்திய நாட்டுப் பிரம்மகுப்தர் தம் 'பிராம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலில் குறை எண்களுக்கும் சுழிக்கும் விதிகள் வகுத்திருந்தார். மிகை எண்ணைச் செல்வம் என்றும், குறை எண்ணைக் கடன் என்றும் அவர் வழங்கினார். கடனையும் எண்ணாக ஏற்றுக்கொண்டவர்க்கு வகைகள் பல வேண்டா. ஒரு விதியே எல்லாவற்றுக்கும் போதும்.

அவ்வொரு விதியை மிக அழகாகக் கூறியவர் ஸ்ரீதரர். அவருடைய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 1114-ஆம் ஆண்டில் பிறந்த பாஸ்கரர் தம் 'பீஜகணிதம்' என்னும் நூலில் எடுத்தாண்டமையால் அவ்விதி மட்டும் தப்பிப் பிழைத்தது. முன்னோர் நூல்கள் எத்தனையோ இங்ஙனமே பின்னோர் மேற்கோளில் உயிர் வாழ்கின்றன; தமிழ் கற்போர்க்கு இது புதிய செய்தியன்று. ஸ்ரீதரர் கூறியது இதுதான்: வர்க்கத்தின் கெழுவைப்போல் நான்கு மடங்கான எண்ணால் இருபுறமும் பெருக்குக, பின்னர் 'யா'வின் பழைய கெழுவினது வர்க்கத்தை இருபுறமும் கூட்டுக, மூலம் காண்க.

3யா² + 5யா = 2 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்க. வர்க்கத்தின் கெழு 3. நான்கு மடங்கு 12. பெருக்கினால் 36யா² + 60யா = 24. ஐந்தின் வர்க்கம் 25-ஐக் கூட்டினால் இடப்புறம் 36யா² + 60யா + 25, வலப்புறம் 49. இடப்புறத்தை உற்று நோக்குக. அது 6யா + 5 என்பதன் வர்க்கமே. ஆகவே 6யா + 5 என்பது 7 ஆதல் வேண்டும், அன்றி −7 ஆதல் வேண்டும். முன்னதாயின் யா மூன்றில் ஒன்று, பின்னதாயின் −2. தொடக்கத்திலேயே பாதியாக்கும் வழியில் பின்னங்கள் இடையிடையே வந்து மாணவனை மருட்டும். ஸ்ரீதரர் வழியில் இறுதி வகுத்தல் வரையில் பின்னம் தலைகாட்டுவதே இல்லை. பாட்டன் சேர்த்துவைத்த பொருளைப் பேரன் அறியாதிருத்தல் போல, இவ்வழி பல பாடநூல்களில் இடம்பெறாதிருத்தல் வருந்தத்தக்கது.

இனி எண்களுக்கு ஈடாக எழுத்துகளை வைக்க: க யா² + ச யா + த = 0. 4க என்பதனால் பெருக்கி, ச² கூட்டி, எழுத்துகள் மட்டும் நின்ற தொகையை வலப்புறம் கொண்டு செல்க. (2க யா + ச)² = ச² − 4கத என்று வந்து நிற்கும். மூலம் கண்டு, சகரத்தைக் கழித்து, 2க என்பதனால் வகுத்தால், யா = (−ச ± √(ச² − 4கத)) ÷ 2க என்னும் சூத்திரம் கைக்கு வந்துவிடும். மாணவனை அச்சுறுத்தும் அச்சூத்திரம் மூன்றே வரிகளில் பிறந்துவிட்டது. முதலில் நிற்கும் குறை அடையாளம் எங்கிருந்து வந்தது, ± என்பது ஏன், 2க என்பது ஏன் அனைத்துக்கும் கீழே நிற்கின்றது என்பன எல்லாம் இப்பொழுது தாமே விளங்கும். வெறும் மனனம் செய்தோர் தேர்வில் பிழைபடும் இடங்கள் இம்மூன்றே என்பதை ஆசிரியர் பலரும் அறிவர். குறை அடையாளத்தை விடுவர். வர்க்கமூலத்தை மட்டும் 2க-வால் வகுத்து முன்னதை வகுக்காது விடுவர். வழி அறிந்தவன் ஐயுற்றால் மூன்று வரிகளை மீண்டும் எழுதிப் பார்த்துத் தெளிவான். வழி அறியாதவன் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்பான். இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு நிற்பதன்று. பதினைந்து வயதில் இங்ஙனம் இரண்டு மூன்று முறை கைவிடப்பட்ட மாணவன், கணிதம் தனக்கு வாராது என்று முடிவு செய்து, அதனோடு தொடர்புடைய கல்வி அனைத்தையும் துறந்துவிடுகின்றான்.

மனனம் செய்தலை இகழ்தல் இக்காலத்து ஒரு வழக்கமாகிவிட்டது. அதுவும் ஏற்புடையதன்று. ஒவ்வொரு கணக்கிற்கும் தாளை வெட்டிச் சதுரம் ஒட்டிக்கொண்டிருத்தல் இயலாது. விரைவு வேண்டுமிடத்துச் சூத்திரமே துணை. பொருள் அறிந்தபின் மனனம் செய்க என்பதே இங்குக் கூறப்படுவது. நிகண்டையும் நூற்பாவையும் மனனம் செய்து வளர்ந்த மரபு மனனத்தைப் பழித்தல் எங்ஙனம் கூடும்? ஆயின், அம்மரபிலும் உரை இல்லாத மனனம் கல்வி எனப்பட்டதில்லை.

பழைய வழிகளைப் பயில்வது வீண்வேலை என்பாரும் உளர். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ என்பார், இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க எளிய வழி ஒன்றை மாணவர்க்கென வெளியிட்டார். உலகின் பல செய்தித்தாள்கள் அதனை வியந்து எழுதின. இரண்டு விடைகளின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கி, அப்பாதியினின்று இரண்டும் ஒரே அளவு விலகி நிற்கும் என்று கொள்வதே அவ்வழி. மேலே வேலிக் கணக்கில் கண்டதும் அதுவே. அதன் கூறுகள் பழமையானவை என்பதை அப்பேராசிரியரே கூறியுள்ளார்.

கைப்பேசியில் சமன்பாட்டை எழுதினால் நொடிப்பொழுதில் இரண்டு விடைகளும் வருகின்றனவே, இவ்வளவு உழைப்பு எதற்கு என்பது மற்றொரு வினா. விடைகள் வருகின்றன, அவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பது வருவதில்லை. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறியப்பட்ட கல் எந்நேரத்தில் 15 மீட்டர் உயரத்தில் இருக்கும்? காற்றின் தடையை விடுத்து, புவியீர்ப்பின் அளவைப் பத்து என்று தோராயமாகக் கொண்டால், யா² − 4யா + 3 = 0 என்று வரும். விடை 1 நொடி, 3 நொடி. இரண்டும் உண்மை. ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கல் அவ்வுயரத்தைக் கடக்கின்றது. நடுவில் நிற்கும் 2 என்பது கல் உச்சியை எய்தும் நொடி. பாதியாக்குதல் என்னும் செயலுக்கு இங்கே ஒரு பொருளும் கிடைத்துவிடுகின்றது.

எல்லா இடத்தும் இரண்டும் கொள்ளத்தக்கன அல்ல. பாஸ்கரர் குரங்குக் கூட்டங்களைப் பற்றி இரண்டு கணக்குகள் தந்துள்ளார். கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கினது வர்க்கம் காட்டில் விளையாடுகின்றது, எஞ்சிய 12 குரங்குகள் மலைமேல் உள்ளன, கூட்டம் எவ்வளவு? 48 என்றாலும் பொருந்தும். 16 என்றாலும் பொருந்தும். பாஸ்கரர் இரண்டையும் ஏற்றார். மற்றொன்றில், கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கினின்று மூன்றைக் கழித்து வர்க்கம் செய்த தொகை குகையினுள் புகுந்தது. ஒன்று மட்டும் வெளியே கண்ணுக்குத் தெரிகின்றது. சமன்பாடு 50, 5 என்னும் இரண்டு விடைகளைத் தரும். ஐந்தினைக் கொண்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றினின்று மூன்று குரங்குகளைக் கழித்தல் எங்ஙனம்? ஆகவே ஐந்தினை விலக்கி ஐம்பதைக் கொண்டார். சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றே. குரங்குகளை நினைத்துப் பார்ப்பவர்க்கே வேறுபாடு தெரியும்.

இன்னும் ஓர் இடம் உளது. அவ்வுழவர் அதே 40 மீட்டர் கம்பியால் 101 சதுர மீட்டர் பரப்பை வளைக்க விரும்பினால்? பத்தின் வர்க்கம் 100. அதினின்று 101-ஐக் கழித்தால் −1. வர்க்கமூலக் குறியினுள் குறை எண் நிற்கின்றது. சூத்திரத்தை மட்டும் அறிந்தவன் மெய்ம்மூலங்கள் இல்லை என்று எழுதி மதிப்பெண் பெறுவான். வேலிக் கணக்கைச் செய்தவன், அக்கம்பி எவ்வாறு வளைந்தாலும் செவ்வகத்தின் பரப்பு நூற்றைத் தாண்டாது என்பதைக் காண்பான். சமமான பக்கங்களே பெரும்பரப்பைத் தரும் என்பதையும் உடன் காண்பான்.

பாஸ்கரர் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று கூறி இவ்விடத்தே நின்றார். 1545-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கார்டானோ தம் 'ஆர்ஸ் மாக்னா' என்னும் நூலில், பத்தினை இரண்டு கூறாக்கி அவற்றின் பெருக்கம் 40 ஆகுமாறு செய்க என்று ஒரு கணக்கைத் தந்தார். பாதி 5, வர்க்கம் 25, நாற்பதைக் கழித்தால் −15. அவரும் தயங்கினார்; ஆயினும் நிற்கவில்லை. −15-இன் வர்க்கமூலம் என்று எழுதி, அதனை ஐந்தோடு கூட்டியும் ஐந்தினின்று கழித்தும் இரண்டு கூறுகளாக்கிப் பெருக்கிப் பார்த்தார். நாற்பதே வந்தது. இது நுண்ணியது, ஆயினும் பயனற்றது என்பது அவர் கருத்து. 1572-இல் அந்நாட்டுப் பொம்பெல்லி அத்தகைய எண்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். இன்று மாறுமின்னோட்டத்தைக் கணக்கிடும் பொறியாளர் அவ்வெண்களைக் கொண்டே தம் பணியைச் செய்கின்றனர்.